மஞ்சள் வயிற்று மீன்கள்

"நீ எண்ணி எழுதிட்டா செத்த மீனு எழுந்து நீந்திடுமாடி?"

துறைமுகத்துக்கு வேலைக்குப் போன முதல் நாள் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர், வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியம்மா. அவரும் என் அம்மாவும் பல வருடங்களாகத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகு மீனைப் பிரிக்கும் வேலை செய்கிறார்கள். நான் எழுதும் அட்டை, பேனா, புது ரப்பர் கையுறைகளோடு அவர்கள் முன்னால் நின்றேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதில் என் பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்சி. என்று அச்சிட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். அந்த அட்டையை நான் பஸ்ஸில்கூடக் கழற்றியதில்லை.

"எண்ணினாத்தான் பெரியம்மா, எவ்ளோ வீணாப் போவுதுன்னு தெரியும்" என்றேன்.

"அது எனுக்குத் தெரியாதா? குந்தினு பொறுக்குறவ நானு. கணக்கு சொல்றவ நீயா?"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "படிச்ச புள்ளகிட்ட இன்னாக்கா வாயி? கையப் பாரு, எறா கெடக்குது" என்றாள்.

நான் விலங்கியல் படித்தவள். இறாலுக்கு என்று இழுக்கும் வலையில் இறாலைவிட மற்ற உயிர்கள்தான் அதிகம் மாட்டும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். தேர்வில் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அன்று படகிலிருந்து அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தார்ப்பாயில் கொட்டினார்கள்.

முதலில் வந்தது சேறு. சேற்றோடு சேர்ந்து, சொறி என்ற ஜெல்லி மீன்கள் உடைந்து மூக்குச்சளி போல ஒழுகின. பிறகு காரல் மீன் குஞ்சுகள், விரல் நகம் அளவில், கண் பிதுங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் கூழாகியிருந்தன. ஆழத்திலிருந்து ஒரே இழுப்பில் மேலே வந்ததால் சில மீன்களின் வயிறு வாய் வழியாக வெளியே தள்ளியிருந்தது. சினை நண்டுகளின் அடியில் முட்டைக் கொத்து நசுங்கி, செங்கல் பொடியைக் குழைத்த மாதிரி வழிந்தது. உப்பிப்போன பேத்தை மீன்கள். நடுவில் நைந்த ஒரு கடல் பாம்பு. வால் இல்லாத திருக்கைக் குட்டி ஒன்று இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. இதற்குள் கையை விட்டுத் தேடித்தேடி அம்மாவும் பெரியம்மாவும் இறாலை எடுத்தார்கள். கொஞ்சம் சங்கரா, கொஞ்சம் கணவாய், நாக்கு மீன் தனித்தனியாகப் போனது. மீதியை ஒருவர் மண்வெட்டியால் வாரி ஓரமாகத் தள்ளினார். அதன் மேல் பூட்ஸ் காலோடு நடந்தார்கள். போகிற போக்கில் ஒருவர் பாக்கு எச்சிலையும் அதன் மேலேயே துப்பினார்.

அந்தக் கழிவு வண்டியில் ஏறி, வெட்டவெளியில் காய்ந்து, பொடியாகி, கோழித் தீவனத்துக்குப் போகும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு சில வாரங்கள் என்னால் முட்டை சாப்பிட முடியவில்லை. அவித்த முட்டையை உடைத்தால் அந்தக் கூழ்தான் நினைவுக்கு வந்தது.

என் வேலை இதுதான். வலையின் கடைசியில் ஒரு பை இருக்கும். அதை மடி என்பார்கள். பழைய மடியின் கண்கள் சாய்ந்த வடிவம். இழுக்கும்போது நீண்டு மூடிக்கொள்ளும், குஞ்சு தப்ப முடியாது. புது மடியில் கண்கள் சதுரம். இழுத்தாலும் திறந்தே இருக்கும் என்பதால் சின்ன மீன்கள் நழுவி வெளியேறிவிடும் என்று சொல்கிறார்கள். எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒரு படகுக்குப் புது மடி கொடுத்தோம். இன்னொரு படகு பழையதோடு போனது. இரண்டும் காலையில் போய் அன்றே திரும்புகிற படகுகள். இரண்டிலிருந்தும் தினமும் ஒரு கூடை, பிரிப்பதற்கு முன்பே அள்ளி, என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று நான் எழுத வேண்டும். புது மடியில் இறால் குறையாமல், குஞ்சுகள் மட்டும் குறைகின்றன என்று என் தாள்கள் காட்டினால், அடுத்த மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் எல்லாப் படகுகளிலும் அதை மாட்டுவதாக உரிமையாளர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். காட்டாவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது.

இரண்டு படகுகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்துவிடும். ஒன்று துறையின் இந்த முனையில் நிற்கும், மற்றது அந்த முனையில். நான் ஒருத்தி. அந்த முனையில் நிற்கும் பழைய மடிப் படகில் பிரிப்பது அம்மா. "அம்மாவையே ஒரு கூடை எடுத்து வைக்கச் சொல்லும்மா, நம்பிக்கையான ஆள்தானே" என்று எங்கள் சார் சொன்னார். திட்டத்துக்குத் தலைவர் அவர்தான்.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முயன்றிருந்தால் நானே இரண்டு முனைக்கும் ஓடியிருக்கலாம். அந்த முனையில் சாக்கடை வந்து கலக்கிறது. கழிவைக் குவிப்பதும் அங்கேதான். அங்கே போனால் எனக்குக் குமட்டும். சார் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

அம்மாவிடம் தெளிவாகத்தான் சொன்னேன். "பிரிக்கிறதுக்கு முன்னாடி, குவியல்லேர்ந்து ஒரு கூடை. நல்லது கெட்டது பாக்காத. அப்பிடியே அள்ளணும்."

"அள்ளிடுறேன். அதுக்கு இன்னா?" என்றாள் அம்மா.

சொன்னபடியே அள்ளினாள். வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாலையில் நான் என் அறையில் மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாள் விரித்து, அம்மா வைத்துவிட்டுப் போன கூடையைக் கொட்டி எண்ணுவேன். மூன்று மாதம் இப்படி ஓடியது. பழைய மடியின் மீன்கள் பார்க்க நன்றாக இருந்தன. வழவழப்பு இல்லை, சேறு இல்லை, சொறி இல்லை. துறைமுகத்தில் நானே அள்ளும் புது மடிக் கூடையைவிட அது எவ்வளவோ மேல். அம்மாவின் படகு எங்கேயோ சுத்தமான தரையில் இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனித்தேன். பழைய மடியின் காரல்களுக்கு வயிறு லேசாக மஞ்சளாக இருந்தது. குறிப்பு எழுதும் கட்டத்தில் அழகான கையெழுத்தில் "வயிற்றுப் பகுதியில் மஞ்சள் நிறம்" என்று எழுதினேன். ஒரு நாள் இல்லை, பல நாள்.

மூன்றாவது மாத முடிவில் சார் எல்லாத் தாள்களையும் சேர்த்துப் பார்த்தார். "என்னம்மா இது, தலைகீழா இருக்கு? பழைய மடியிலதான் குஞ்சு கம்மின்னு சொல்ற. அப்ப புது மடி எதுக்கு?"

"நான் எண்ணினது அதுதான் சார்."

"எங்கேயோ தப்பிருக்கு."

"என் தாள்ல தப்பு இருக்காது சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. இத்தனை வருடம் படித்ததற்கு என்னிடம் இருந்த ஒரே சொத்து, என் தாளில் தப்பு இருக்காது என்பதுதான். ஒரு திருத்தலோ அடித்தலோ இல்லாத தாள்கள் அவை. சார் பக்கங்களைப் புரட்டினார். மஞ்சள் நிறம் பற்றிய குறிப்பில் விரலை வைத்தார். "இது என்ன, நோயா? ஒரு படகுல மட்டும் எப்படி வரும்? டீசல் கசிஞ்சிருக்குமா? விசாரிச்சுட்டு வா."

அன்று மாலை அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றபடியே கேட்டேன். "யம்மா, உன் படகு மீனுக்கு மட்டும் வயிறு ஏன் மஞ்சளா இருக்குது?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "மஞ்சப் போட்டுக் கழுவுனா வேற இன்னா கலர்ல இருக்கும்?"

"கழுவுனியா?"

"கழுவாமயா குடுப்பாங்க? கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூணு தண்ணி கழுவுவேன். அந்த நாத்தத்தையா நீ ரூம்ல வெச்சினு குந்தப்போற?"

"குஞ்செல்லாம்?"

"அது கூழா இருக்கும். அதையா எண்ணுவ நீயி? அந்தக் கழிசலெல்லாம் வழிச்சுப் போட்டுட்டு, கூடை கொறையக்கூடாதுன்னு நல்ல காரலா பாத்து மேலால போட்டு ரொப்பிக் குடுப்பேன். என் பங்குல வர்ற மீனுதான், திருட்டு மீனு இல்ல."

நான் வீட்டின் பின்பக்கம் போனேன். குழாயடியில் மண் வெளுத்துப் போயிருந்தது. அதன் ஓரத்தில், வேப்பங்கன்றின் அடியில், என் மூன்று மாத ஆராய்ச்சி கிடந்தது. செதில்கள், நண்டுக் கால்கள், காய்ந்து சருகான குஞ்சுகள், அதன் மேல் அன்றைய ஈரக் குவியல், ஈக்கள். காக்கை ஒன்று ஒரு திருக்கைக் குட்டியை இழுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் அங்கே ஒரு நாள்கூடப் போனதில்லை. குளியலறை முன்பக்கம். என் துணியை மாடியில்தான் உலர்த்துவேன், நாற்றம் பிடிக்கும் என்று.

அம்மா ஏன் கழுவினாள் என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பு படிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்தாள் என்று வீட்டுக்கு வந்து, "என் பையத் தொடாத" என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு அம்மா என் பையைக் கையால் தொட்டதே இல்லை. நகர்த்த வேண்டியிருந்தால் துடைப்பத்தால் தள்ளுவாள். அப்படிப்பட்டவள், என் கைக்கு வரும் கூடையைக் கழுவாமல் எப்படிக் கொடுப்பாள்? அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அருவருப்பு வந்தது. அந்தக் குவியல் மேல் மட்டும் இல்லை. மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து அடித்தல் திருத்தல் இல்லாமல் பொய் எழுதிய கை மேலும் வந்தது.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். மதியம் அலுவலகத்தில் இருந்த எல்லோரையும் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு தோட்ட ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்துப்போனார். வேறொருவருடைய பிறந்தநாள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொள்ள எழுந்து போனபோது, சார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாரும்மா, புது மடி நல்லதுன்னு நமக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை உரிமையாளர்கள் கூட்டம். மூணு மாசமும் போச்சுன்னு சொன்னா எவனும் மறுபடி உட்கார மாட்டான். உங்க அம்மா எவ்வளவு வழிச்சுப் போட்டிருப்பாங்கன்னு ஒரு கணக்கு வெச்சு, பழைய மடிப் பக்கம் கூட்டிப் போட்டுடு. உண்மைக்கு இன்னும் பக்கமாத்தான் வரும்."

"எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதே சார்."

"தோராயமா போடு. யாரு போய்ப் பார்க்கப் போறா?"

மேசையில் பூண்டும் வெண்ணெயும் போட்டுப் பொரித்த இறால் வந்தது. பெரிய வெள்ளைத் தட்டில் வரிசையாக ஆறு இறால், பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. நன்றாகக் கழுவியிருந்தார்கள். அந்த ஆறுக்காகத் தார்ப்பாயில் என்னவெல்லாம் கொட்டியிருக்கும் என்று அந்தத் தட்டைப் பார்த்தவர் யாருக்கும் தோன்றாது. சார் ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். அவர் கெட்ட நோக்கத்தில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவர் சொன்ன எண் ஒருவேளை சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் எனக்கு வாந்தி வரும்போல இருந்தது. துறைமுகத்தின் அந்த முனையில் வருவதைவிட மோசமாக. தண்ணீர் குடித்துவிட்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து வந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம், கூட்டத்தில் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னேன்.

"எம்பேரச் சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். பாத்திருக்க வேண்டியது நான்."

"நீ சொல்லாட்டி இன்னா, துறை பூரா தெரிஞ்சிடும்." சோற்றைப் பிசைந்தாள். "வேல போயிடுமா?"

"தெரியல."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா அந்தக் கருமத்த அப்பிடியே குடுத்திருப்பேன்டி. நான் இன்னா கண்டேன், குப்பயத்தான் எண்றாங்கன்னு."

குப்பையைத்தான் எண்ணுகிறோம் என்பதை மூன்று மாதத்தில் நான் அவளிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. "மாதிரி" என்று சொன்னேன். "டேட்டா" என்று சொன்னேன்.

கூட்டத்துக்கு முன்தினம் பழைய மடியின் தாள்கள் ஒவ்வொன்றிலும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டேன். "மாதிரி கழுவப்பட்டது, குஞ்சுகள் நீக்கப்பட்டன, வேறு மீன் சேர்க்கப்பட்டது, செல்லாது" என்று எழுதி ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். கை வலித்தது. ஒரு கடிதத்தைச் சாருக்கும், அதன் நகலை அவருக்கு மேலே இருப்பவருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினேன். சார் கடிதத்தைப் படித்துவிட்டு, "நாளைக்கு நீயே சொல்லிக்கோ" என்றார்.

சொன்னேன். கூட்டத்தில் இருந்த ஒரே பெண் நான். எழுந்து நின்று, எங்கள் வீட்டில் மீனைக் கழுவி எண்ணியதைச் சொல்லி முடித்தேன். பிறகு முன்வரிசையில் ஒருவர், "மூணு மாசமா எண்ணி மஞ்சத்தூளக் கண்டுபுடிச்சிருக்காங்கப்பா" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. இன்னொருவர், "கொழம்புக்குப் புளி எவ்ளோன்னும் எழுதியிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகு, பழைய மடிப் படகின் உரிமையாளர் எழுந்தார். "நான் ஒண்ணு சொல்லட்டா? பொண்ணு பொய் கணக்கு குடுத்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சு சொல்லுது. சரி, மறுபடி எண்ணட்டும். ஆனா எம்போட்டு மடிய அவுக்கும்போது அதுவே வந்து அள்ளணும். வேற ஆளு கை படக்கூடாது."

"ரெண்டு போட்டும் ஒரே நேரத்துல வருதே" என்றார் சார்.

"அந்தப் போட்டு கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்புறம் கொட்டட்டும். கெட்டா போயிடும்?"

மறுநாள் துறைமுகத்தில் அம்மாவைக் கேலி செய்யாமல் யாரும் விடவில்லை. "இன்னாடி, எம்மீனையும் கொஞ்சம் மஞ்சப் போட்டுக் கழுவிக் குடேன்" என்று பெரியம்மா கேட்டாராம். "எம்பொண்ணுக்குக் கழுவிக் குடுத்தேன், உன் பொண்ணுக்கா குடுத்தேன்? வாய மூடினு பொறுக்கு" என்று அம்மா சொன்னாளாம். அம்மாவே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை நான் அந்த முனைக்குப் போனேன். மடியின் அடிக்கயிற்றை அவிழ்த்ததும் சேறும் சொறியும் என் கால்வரை வந்தன. கூடையை உள்ளே விட்டு முதல் அள்ளலை எடுத்தேன். நண்டு ஒன்று கையுறையைக் கிழித்துவிட்டது, வழவழவென்று ஏதோ விரலுக்குள் போனது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து, அங்கேயே எடை போட்டேன், அங்கேயே கொட்டினேன், அங்கேயே எண்ணத் தொடங்கினேன். கூழாய்ப் போனதைத் தண்ணீரில் அலசிப் பிரித்து, தலைகளை வைத்து எண்ணினேன். புது மடிப் படகு காத்திருந்தது. அதன் ஆட்கள் என்னைத் திட்டியது எனக்குக் கேட்டது.

இந்தக் கணக்கு எந்தப் பக்கம் முடியும் என்று இப்போது சொல்ல மாட்டேன். திட்டத்தை நீட்டிப்பார்களா என்பதும் தெரியாது. இன்று மாலை பதினொன்றாவது தாளை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். தாளில் அடித்தலும் திருத்தலும் நிறைய. சேற்றுக் கறையும் உண்டு. காரல் குஞ்சுக்கான கட்டத்தில் இடம் போதாமல், மீதியைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.